பனியன் அருவா

கத்தி ரூம் சாவி நாளைக்குக் காலையில உங்க கைக்கு வந்துரும். அதுக்கு முன்னால இதைப் படிச்சுக்கங்க. எனக்கப்புறம் இந்த ரூமைப் பார்த்துக்கப் போற உங்க ரெண்டு பேர்ல ஒருத்திக்குத் தமிழ் பேச வருது, படிக்க வராது. இன்னொருத்தி உரக்கப் படிக்கட்டும். அவசரமில்லை.

எந்த எண்ணெய், எத்தனை நாளைக்கு ஒருக்கா, எப்படித் துடைக்கிறது, இதையெல்லாம் நான் எழுதலை. அது செய்யச் செய்யக் கைக்கு வந்துரும். கைக்குத் தன்னால வராத விசயம் ஒண்ணு இருக்குது. அதுக்குத்தான் இந்தக் காகிதம்.

நான் நம்ம பனியன் கம்பெனி செக்கிங்ல, தைச்ச பீஸ்ல குறை தேடுற வேலையில இருந்து வந்தவ. கத்தி ரூம்னதும் துணி வெட்டுற கட்டிங்காரங்கதான் பார்ப்பாங்கன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. முதலாளியும் அப்படி நினைச்சுத்தான் கட்டிங்ல இருந்து ஒருத்தரை முதல்ல போட்டார். நல்ல மனுசன். ஆனா கத்தியைக் கண்டா அவருக்குக் கை சும்மா இருக்காது. தீட்டிருவார். முதலாளியோட அப்புச்சி, அதாவது அவங்கம்மாவைப் பெத்தவர், வெள்ளகோவில் பக்கம் தோட்டத்துல வேலி வெட்டுன கொடுவாள் ஒண்ணு இருக்குது. அதைத் தீட்டித் தீட்டி வெள்ளி மாதிரி ஆக்கிட்டார். முதலாளி வந்து பார்த்துட்டு, "இது ஆரோடதுங்க?"ன்னு கேட்டார். சொந்தக் கத்தி, அவருக்கே அடையாளம் தெரியலை.

அன்னைக்கே செக்கிங் டேபிளுக்கு வந்தார். "கையை வச்சுட்டுச் சும்மா இருக்கத் தெரிஞ்ச ஆள் வேணுங்க. கண்ணு மட்டும் வேலை செய்யோணும்"னார். எல்லாரும் என்னைக் காட்டினாங்க. நான் அதிகம் பேச மாட்டேன். அதுவும் காரணமா இருக்கலாம்.

செக்கிங்ல எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த சூப்பர்வைசரம்மா பேரை எழுதலை. அவங்களுக்குப் பிடிக்காது. ஒரு தடவை ஷிப்மெண்ட் அவசரத்துல எங்க டேபிள்ல ஒருத்தி, ஓட்டை விழுந்த பீஸை ஓட்டை உள்ள போற மாதிரி மடிச்சு அடுக்கிட்டா. அந்தம்மா வந்தாங்க. அடுக்குல இருந்து அந்த ஒரு பீஸை உருவி, விரிச்சு, ஓட்டைக்குள்ள விரலை விட்டு ஆட்டிக் காட்டினாங்க.

"ஏனம்மிணி, மடிச்சு வச்சா ஓட்டை தூங்கிப் போயிருமா? ஒட்டு ஸ்டிக்கரை."

அவ்வளவுதான் சொன்னது. சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கர் அது. குறை எங்க இருக்குதோ அதைக் காட்டி ஒட்டோணும். ஒட்டுனா மேல இருக்கிறவங்க திட்டுவாங்க. திட்டட்டும். ஒட்டுறதுக்குத்தான் சம்பளம். அந்த டேபிள்ல இருந்து இந்த ரூமுக்கு நான் கொண்டு வந்தது அது ஒண்ணுதான்.

இந்த ரூம்ல முக்கியமா ரெண்டு சுவர்ல கத்தி இருக்குது. கிழக்குச் சுவர் முதலாளி சேர்த்தது. கொடுவாள், பாளைக் கத்தி, பாக்குவெட்டி, ஆட்டுக் கத்தி, பிச்சுவா. ஊர் ஊராப் போய்க் கேட்டு வாங்கினார். ஊட்டுல வைக்க அவங்கம்மா விடலை. "கொழந்தைக ஓடுற ஊட்டுல இத்தனை வெட்டுக்கத்தி எதுக்கு சாமி?"ன்னுட்டாங்க. அதான் கம்பெனிக்கு வந்துது. துணி வாங்குற வெளிநாட்டுப் பையர் வந்தா கூட்டிட்டு வந்து காட்டுவார். அவங்க போட்டோ எடுப்பாங்க. நான் ஓரமா நிப்பேன்.

மேற்குச் சுவர் அப்படி இல்லை. அது நம்ம கம்பெனி ஜனங்களோடது. தெக்க இருந்து வந்த குடும்பத்துல சில பேருக்குச் சாமி அருவா இருக்குது. வழிவழியா வர்றது. ஊர்ல ஊடு பூட்டிக் கிடக்குது, பொழைப்பு இங்க திருப்பூர்ல. ராயபுரத்துலயும் வீரபாண்டியிலயும் ஒரே ரூம் வச்ச லைன் ஊட்டுல அத்தனை பெரிய அருவாளை எங்க வைப்பாங்க? ஊட்டுக்காரர் பார்த்தா காலி பண்ணச் சொல்லுவார். தெருவுல ஏதாச்சும் தகராறாகி போலீஸ் உள்ள வந்தா, இது சாமி அருவான்னு சொன்னா யாரு கேப்பாங்க?

முதல்ல கொண்டு வந்தவ பேச்சி.

பேச்சி நம்ம ஓவர்லாக் டெய்லர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. ஒரு நாள் காலையில அருவாளை லுங்கியில சுத்தி, குடை மாதிரி அக்குள்ல இடுக்கிட்டு கேட்ல வந்து நின்னா. செக்யூரிட்டி தொட்டுப் பார்த்துட்டு பின்னால நகர்ந்துட்டார்.

"ஏம்மா, வேலைக்கு வர்றியா, வெட்ட வர்றியா?"

"வேலைக்குத்தான் வாரேன். நீரு வழிய விடலன்னா ரெண்டாவத யோசிப்பேன்."

நேரா முதலாளி முன்னால வந்து நின்னா. ஊட்டுச் சொந்தக்காரர் ஒண்ணு அருவா வெளிய போகோணும், இல்லைன்னா நீ போகோணும்னுட்டாராம். முதலாளி சிரிக்கலை. பிரிச்சுப் பார்த்தார். "உங்க அருவா உங்களுதுதானுங்க. நாங்க வச்சிருக்கோம், அவ்வளவுதான். கோயில் கொடைக்கு எடுத்துட்டுப் போங்க. முடிஞ்சதும் கொண்டாங்க"ன்னார்.

அந்த ஒரு வார்த்தையிலதான் மேற்குச் சுவர் நிறைஞ்சுது. பேச்சியைப் பார்த்து மத்தவங்களும் கொண்டு வந்தாங்க.

அந்த அருவா பேச்சிக்கு எப்படி வந்துதுன்னு தெரிஞ்சுக்கோணும். அவ அப்பாவுக்கு ஒரே பிள்ளை. அப்பா போனதும் அருவா அவளுக்கு வந்துது. சித்தப்பா மகனுக ரெண்டு பேரும், "கட்டிக் குடுத்த பிள்ளைக்கு எதுக்கு அருவா?"ன்னு சண்டைக்கு நின்னிருக்காங்க. அவளோட சித்தப்பாவை அவ சின்னையாம்பா. அவர்தான் அந்தச் சாமிக்கு ஆடுறவர். அவர் வார்த்தைதான் கடைசி. அவர், "அண்ணன் பிள்ளைட்டயே இருக்கட்டும். ஆனா அருவாவுல ஒரு குறை வந்துதுன்னா நான் எடுத்துக்கிடுவேன்"னு சொல்லிட்டார். ஒவ்வொரு வருசமும் கொடைக்கு முன்னால அவரே திருப்பூருக்கு வந்து வாங்கிட்டுப் போவார். பேச்சி பின்னால போய்க் கொண்டு வருவா.

அருவா கழுத்துல, பிடிக்குச் சித்த மேல, வரிசையாச் சின்னப் புள்ளிக இருக்கும். ஒரு தலைமுறையில இருந்து அடுத்த தலைமுறைக்குப் போறப்ப, வாங்குறவங்க உளி வச்சு ஒரு புள்ளி அடிக்கோணும். அதுதான் அவங்களுக்குப் பத்திரம். வேற எழுத்து கிடையாது. கடைசிப் புள்ளி பேச்சி அடிச்சது. அப்பா போன நேரம். கை நடுங்கியிருக்குது. ஆழமா விழலை. மத்தப் புள்ளியெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பேச்சி புள்ளி கட்டை விரலுக்குத்தான் தெரியும்.

ஒப்படைக்கிறப்ப அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. "அக்கா, கோடித் துணியிலதான் சுத்தணும். ஒருத்தரும் உடுத்தியிருக்கக் கூடாது, துவச்சிருக்கவும் கூடாது. சாமிக்குள்ளது."

பனியன் கம்பெனியில கோடித் துணிக்கா பஞ்சம்? ஒத்துக்கிட்டேன்.

இனி விசயத்துக்கு வர்றேன்.

ஒரு வருசம் கொடைக்குச் சில நாள் முன்னால முதலாளிக்கு ஒரு ஆசை வந்துது. சாமி அருவா, சிவப்புத் துணியில போனா நல்லா இருக்கும்னு. அப்ப ஒரு ஆர்டருக்கு நல்ல சிவப்பு ரிப் துணி, கோடு கோடா மேடு தட்டுற பின்னல், சாயத்துல ஓடிட்டு இருந்துது. கலர் சரியா வருதான்னு பார்க்க நடுவுல ஒரு துண்டு வெட்டி அனுப்புவாங்க. அதைக் கொஞ்சம் பெரிசாவே வெட்டி, காய வச்சு அனுப்பச் சொன்னார். வந்துது. ரத்தச் சிவப்பு. மெத்துன்னு இருந்துது. யாரும் உடுத்தாதது, துவைக்காதது. அவரே ரெண்டு கையில ஏந்திட்டு வந்தார். "நம்ம துணி, நம்ம கலர். சாமிக்கு நம்ம கம்பெனி போடுற கோடிங்க சரசக்கா"ன்னார். நான் அருவாளைத் துடைச்சு, அதுல சுத்தி, ரெடியா வச்சுட்டேன்.

அந்த வாரம் கோடை மழை. ரூமெல்லாம் ஈரக் காத்து.

சின்னையா வர்ற அன்னைக்குக் காலையில கடைசியா ஒருக்கா பார்த்துக்கலாம்னு பிரிச்சேன்.

முனையில இருந்து பிடி வரைக்கும் துரு. சும்மா துரு இல்லை. கோடு கோடா, நேரா, ஒரே இடைவெளியில. ரெண்டு பக்கமும். துணியோட ரிப் அப்படியே இரும்புல அச்சாயிருந்துது. யாரோ உக்காந்து வரைஞ்ச மாதிரி. செக்கிங்ல எத்தனையோ கறையைப் பார்த்திருக்கேன். கறை துணியில இருக்கும். துணியே கறையா மாறி இரும்புல உக்காந்து அன்னைக்குத்தான் பார்த்தேன்.

துணியோட ஓரத்தை நாக்கு நுனியில வச்சேன். உப்பு.

சாயம் போடுறப்ப உப்புக் கொட்டுவாங்க. துணி அதுல ஊறி, அப்புறம் பல தண்ணி அலசித்தான் வெளிய வரும். இது நடுவுல வெட்டுன துண்டு. கடைசித் தண்ணியெல்லாம் பார்க்காதது. அவசரமாக் கேட்டதுனால அப்படியே காய வச்சு அனுப்பிட்டாங்க. கோடின்னு கேட்டவ மேல தப்பில்லை. ஆசையாக் கொடுத்தவர் மேலயும் தப்பில்லை. ஆனா அருவா அப்படி இருக்குது. சாயந்தரம் பஸ். மத்தியானம் சின்னையா வந்துருவார். குறை வந்தா எடுத்துக்குவேன்னு சொன்னவர்.

முதலாளியைக் கூப்பிட்டேன். வந்தார். பார்த்தார். முகம் செத்துப் போச்சு. துணியை எடுத்து அவரும் நாக்குல வச்சார். "ஃபிட்டர் ரூம்ல பஃப் வீல் இருக்குதுங்கக்கா. ஒரு ஓட்டு ஓட்டினா பளபளன்னு ஆயிரும். பேச்சிக்கே தெரிய வேண்டாம்"னார்.

நான் அருவாளை மரப்பெட்டி மேல வச்சேன். கதவைச் சாத்தினேன். சாவியை இடுப்புல சொருகிட்டேன்.

"வேண்டாமுங்க"ன்னேன்.

"ஏனுங்க?"

"இதைத் தேச்சா மேல் தோலு போயிரும். கழுத்துல புள்ளி இருக்குது. அதுவும் போயிரும்."

"அப்ப இப்படியே காட்டச் சொல்றீங்களா? அந்தாளு அருவாளை எடுத்துட்டுப் போயிட்டா, அந்தப் பிள்ளை மூஞ்சில எப்படி முழிக்கிறது? நான் வார்த்தை கொடுத்திருக்கேன்ங்க."

"தெரியுமுங்க."

"இந்த ஒண்ணு போச்சுன்னா அந்தச் சுவரே காலியாயிரும். எல்லாரும் எடுத்துட்டுப் போயிருவாங்க."

"தெரியுமுங்க."

அவருக்குக் கோவம் வந்துருச்சு. எங்க பக்கத்து ஆளுகளுக்குக் கோவம் வந்தாலும் 'ங்க' போகாது. "இங்க மொதலாளி நானுங்களா, நீங்களுங்களா?"ன்னார்.

"ரூமுக்கு நீங்க மொதலாளிங்க. இந்த அருவாளுக்குப் பேச்சி. அவளைக் கூப்பிட்டுக் காட்டோணும். அப்புறம் அவ சொல்றபடி."

அவர் என்னையே பார்த்தார். அந்த வயசுல வேலை போனா எங்க போறதுன்னு எனக்கும் ஓடுச்சு. சாவி இடுப்புல கனமா இருந்துது. அப்புறம் அவரே போனை எடுத்து, தையல் லைன்ல இருந்து பேச்சியை அனுப்பச் சொன்னார்.

பேச்சி தலையில நூல் தூசியோட வந்தா. ஷிப்மெண்ட் நேரம். "என்னக்கா, ஏன் ரெண்டு பேரும் எழவு வீட்ல நிக்க மாதிரி நிக்கிய?"ன்னு கேட்டுட்டே உள்ள வந்தா. அருவாளைப் பார்த்தா. குனிஞ்சா.

"இது ரிப்புல்லா."

தினமும் அந்தத் துணியைத் தைக்கிறவ. பார்த்ததும் தெரிஞ்சுருச்சு. நான் நடந்ததைச் சொன்னேன். சுருக்கமாச் சொன்னேன். முதலாளி சுவரைப் பார்த்துட்டு நின்னார்.

அவ அழலை. தரையில உக்காந்துட்டா.

"சின்னையா விட மாட்டாவ. தம்பிமாரு ரெண்டு பேரும் இதுக்குத்தான் காத்துக் கெடக்கானுவ. அப்பா கையில இருந்து வந்தது." அப்புறம் சட்டுனு எந்திருச்சா. "அக்கா, மிஷின்ல குடுத்துத் தேச்சுருவோம். மத்தியானத்துக்குள்ள ஆயிரும்லா?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் என்ன பண்ணுவேன்? அருவா அவளுது. அவ சொல்றபடின்னு நானே சொல்லிட்டேன்.

கண்ணுகளா, இந்த இடம்தான். நல்லாக் கேட்டுக்கங்க. நான் மாட்டேன்னு சொல்லலை. சாவியை எடுத்து அவ கையில கொடுத்தேன். "உன்ற அருவா. நீ சொன்னா ஃபிட்டரைக் கூப்பிடுறேன். அதுக்கு முன்னால கழுத்துல விரலை வச்சுப் பாரு"ன்னேன்.

வச்சா. ஒவ்வொரு புள்ளியாத் தடவிட்டு வந்தா. கடைசியில விரல் நின்னுது. அவ புள்ளி.

"பஃப் வீல் முதல்ல எதை எடுக்கும்னு நீயே சொல்லு"ன்னேன்.

அவளுக்குப் புரிஞ்சுது. மேலோட்டமா விழுந்த புள்ளி. ஒரு ஓட்டுல போயிரும். அருவா பளபளன்னு இருக்கும், ஆனா அப்பாவோட புள்ளியோட நின்னு போயிருக்கும். பேச்சிக்குன்னு அதுல ஒண்ணும் இருக்காது. தம்பிமாருக கேட்டா காட்டுறதுக்கு என்ன இருக்குது?

சாவியை எங்கிட்டத் திருப்பிக் கொடுத்தா. "வேண்டாம்க்கா. இருக்கட்டும். திட்டுனா திட்டட்டும். எண்ணெய் இருக்கா?"

முதலாளி வெளிய போயிட்டார். நானும் பேச்சியும் உக்காந்தோம். தையல் மெஷின் எண்ணெய், பழைய வெள்ளைப் பனியன், மூங்கில் சிம்பு. மேல பூத்த துருவை மட்டும் ஊற வச்சு ஊற வச்சு எடுத்தோம். கழுத்துப் பக்கம் நான் மட்டும் தொட்டேன். கொஞ்ச நேரத்துல கதவு திறந்துது. முதலாளி. சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டு, நூல் கோன் பெட்டி ஒண்ணை இழுத்துப் போட்டு உக்காந்தார். துணியை வாங்கினார். அவர் பாட்டுக்குத் தேய்ச்சார்.

பேச்சிதான் முதல்ல பேசினா. "மொதலாளி, பீஸ் ரேட் எவ்வளவு கேப்பிய?"

"பீஸ் ரேட் கட்டாதுங்க. ஷிஃப்ட் சம்பளம். ஓவர்டைமும் போட்டுருங்க."

"லேட்டா வந்திய, அரை ஷிஃப்டுதான்."

அவ சிரிச்சா.

துரு போச்சு. கோடு போகலை. கறுப்பா, நிழல் மாதிரி, ரிப் ரிப்பா நின்னுருச்சு. அதுக்கு மேல தேய்ச்சா இரும்பு போகும். "போதும்"னேன். மூணு பேரும் கையை எடுத்துட்டோம்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடிச்சு முடிஞ்சதும் சின்னையா வந்தார். ஒல்லியான மனுசன். வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு. உப்பளத்துல வேலை செய்யிறவர். கால் விரலெல்லாம் வெடிச்சிருக்கும். முதலாளி டீ சொல்லட்டுமான்னார். வேண்டாம்னுட்டார். எப்பவும் செய்யிற மாதிரி ரூமுக்கு வெளிய செருப்பைக் கழட்டினார். கும்பிட்டார். அருவாளை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சார்.

"இது என்ன கோடு?"

முதலாளி, "அது வந்துங்க..."ன்னு ஆரம்பிச்சார். பேச்சி முந்திட்டா.

"துணியில உப்பு இருந்திருக்கு சின்னையா. நான்தான் கோடி கேட்டேன். கம்பெனியில நல்லதுன்னு குடுத்தாவ. துரு புடிச்சுட்டு. துருவ எடுத்துட்டோம். கோடு போவல."

மறைக்காமச் சொன்னா. ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி சொன்னா. எனக்கு அந்த நேரத்துலயும் அது மனசுக்கு நிறைவா இருந்துது.

அவர் முகம் இறுகிப் போச்சு. "நான் அன்னைக்கே என்ன சொன்னேன்? ஒரு குறை வந்தா எடுத்துக்கிடுவேன்னு சொன்னேனா இல்லையா? கொண்டா. இது இனி இங்ஙன வேண்டாம்."

பேச்சி தலையைக் குனிஞ்சுட்டா. யாராச்சும் பேசியாகோணும். எனக்குப் பேச்சு வராது. ஆனா பேசினேன்.

"ஒரு நிமிசமுங்க. எடுத்துட்டுப் போறது உங்க இஷ்டம். கழுத்தை ஒருக்காத் தொட்டுப் பார்த்துட்டுப் போங்க."

என்னை மேலயும் கீழயும் பார்த்தார். கட்டை விரலை வச்சார். மெதுவாத் தடவினார். ஒவ்வொரு புள்ளிக்கும் உதடு அசைஞ்சுது. பெரியவங்க பேரைச் சொல்லிட்டு வந்தார்னு நினைக்கிறேன். கடைசியில விரல் நின்னுது. அங்கயே நின்னுது.

"இதத் தேய்க்காம விட்டது ஆரு?"

"நான் தேய்க்கத்தான் சொன்னேன் சின்னையா"ன்னா பேச்சி. "அக்காதான் புள்ளியத் தொட்டுப் பாக்கச் சொன்னாவ."

அவர் அந்தச் சிவப்புத் துணியைக் கேட்டார். கொடுத்தேன். ஓரத்தை வாயில வச்சுட்டுத் துப்பினார். அப்புறம் சிரிச்சார். அவர் சிரிச்சு நான் அதுக்கு முன்னால பார்த்ததில்லை.

"ஏட்டி, ஊர்ல உப்புக் காத்து அருவாவத் திங்குதுன்னுதான உங்கிட்ட குடுத்து விட்டேன். உப்பு இல்லாத ஊருன்னு நெனச்சேன். இங்ஙன வந்தா, உப்புத் துணியிலயே பொதிஞ்சு வச்சிருக்கிய!"

முதலாளிக்கு முதல்ல சிரிக்கிறதா வேண்டாமான்னு தெரியலை. அப்புறம் அவரும் சிரிச்சுட்டார்.

சின்னையா அருவாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எம் மவன்மாரு கையில இருந்திருந்தா எப்பவோ மிஷின்ல குடுத்துக் கண்ணாடி கணக்கா ஆக்கிருப்பானுவ. ஒத்தப் புள்ளி இருந்திருக்காது. கோடு கெடக்கட்டும். கோட்டுக்கு ஒண்ணும் சாமி கோவிக்காது." பையில இருந்து கோடித் துண்டு ஒண்ணை எடுத்து உதறி அதுல அருவாளைச் சுத்தினார். சிவப்புத் துணியைக் கண்ணு ஓரத்துல கூடப் பார்க்கலை. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பினார். "நீயும் கெளம்பு பிள்ள. இந்த வட்டம் நீதான் தூக்கிட்டு வரணும்."

பேச்சி முதலாளியைப் பார்த்தா. ஷிப்மெண்ட் நேரம்னு முதல்லயே சொன்னேன். "போங்க போங்க"ன்னார். "வேற ஆளை உக்கார வச்சுக்கிறேன். போயிட்டு அருவாளோட வாங்க."

கொடை முடிஞ்சு பேச்சி வந்தா. அருவாளும் வந்துது. கழுத்தைத் தொட்டேன். கடைசிப் புள்ளி ஆழமா இருந்துது. மத்ததை விட ஆழம்.

"கோயில்ல வச்சு எல்லார் முன்னாடியும் அதே எடத்துல இன்னொரு அடி அடிக்கச் சொல்லிட்டாவக்கா. தம்பிமாரு மூஞ்சியப் பாக்கணுமே நீங்க! இந்த வட்டம் கை நடுங்கல." அப்புறம் சிரிச்சா. "ஊர்ல பிள்ளையளு கோட்டப் பாத்துட்டு, 'எத்தே, அருவா என்ன பனியன் போட்டிருக்கு'ன்னு கேட்டுதுவ. இப்ப பெரியாளுவளும் பனியன் அருவான்னுதான் சொல்லுதாவ."

எதுல சுத்துறதுங்கிற கேள்வி இருந்துது. கோடியும் வேணும், உப்பும் கூடாது. அதையும் அவளே சொன்னா. "நிட்டிங் மிஷின்ல இருந்து எறங்குற கிரே துணி கோடிதானக்கா? சாயமும் பாக்கல, தண்ணியும் பாக்கல." சரிதான். வெளுக்காத, சாயம் போடாத துணி. நூல் நிறத்துலயே இருக்கும். அதை விட நல்ல கோடி எங்க கிடைக்கும்? அன்னையில இருந்து மேற்குச் சுவர் முழுக்கக் கிரே துணிதான். அதையும் நாக்குல வச்சுப் பார்த்துட்டுத்தான் சுத்துவேன். நீங்களும் பாருங்க. யாராச்சும் சிரிச்சா சிரிக்கட்டும்.

மேற்குச் சுவர்ல இருந்து யாரும் எதையும் எடுத்துட்டுப் போகலை. நடந்தது எல்லாருக்கும் தெரியும். பேச்சி சும்மா இருப்பாளா? லைன் லைனாப் போய்ச் சொல்லிட்டா. அதுக்கப்புறம்தான் இன்னும் வந்துது. இப்ப இடம் பத்தாம முதலாளி அந்தப் பக்கம் இன்னொரு சுவரை எடுத்துக் கொடுத்திருக்கார். பையர் வந்தா முன்னெல்லாம் கிழக்குச் சுவரை மட்டும் காட்டுவார். இப்ப மேற்குச் சுவரைக் காட்டி, "இதெல்லாம் எங்க ஆளுகளோடது. எங்களை நம்பிக் கொடுத்திருக்காங்க"ம்பார். அதைச் சொல்றப்ப அவர் குரல் கொஞ்சம் ஒசரும். நான் ஓரமாத்தான் நிப்பேன். எனக்கும் ஒசரும். உள்ளுக்குள்ள.

நான் பெரிசா ஒண்ணும் படிக்கலை. பெரிய வேலையும் பார்க்கலை. ஆனா என் கையில வந்த எந்தக் கத்தியும் வந்ததை விட மெலிசாத் திரும்பிப் போகலை. இதை யார் முன்னாலயும் சொல்லுவேன்.

உங்களுக்கும் ஒரு நாள் வரும். ஏதோ ஒரு கத்தியில ஏதோ ஒண்ணு ஆகும். பக்கத்துல நிக்கிறவங்க எல்லாரும் தேச்சுரு, மறைச்சுருன்னு சொல்லுவாங்க. நல்ல எண்ணத்துலதான் சொல்லுவாங்க. கத்திக்காரங்களே கூடச் சொல்லுவாங்க. அப்பச் சண்டை போட வேண்டாம். பெரிய வார்த்தை பேச வேண்டாம். கத்தியை அவங்க கையில கொடுத்து, எங்க தொட்டுப் பார்க்கோணுமோ அங்க தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க. அதுக்கு, எங்கன்னு உங்களுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கோணும். ஒவ்வொரு கத்தியிலயும் அப்படி ஒரு இடம் இருக்குது. கொண்டு வர்றவங்ககிட்டக் கேட்டு வச்சுக்கங்க.

நாளைக்குச் சாவி வாங்கினதும் மேற்குச் சுவர்ல முதல் ஆணியில இருக்கிறதை இறக்குங்க. கிரே துணியைப் பிரிங்க. கோடு தெரியும். அதைத் துடைக்க நினைக்க வேண்டாம். கழுத்துல கட்டை விரலை வச்சு மேல இருந்து தடவிட்டு வாங்க. கடைசிப் புள்ளியில விரல் தன்னால நிக்கும்.

நின்னுதுன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விடுங்க. ஊட்லதான் இருப்பேன்.